காஜா பேராங் கிளினிக்கின் ரப்பர் மூடி

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது நான் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் கிளினிக்கில் தண்ணீர் வராத நாள் அது. பக்கத்து அறையில் தாய்சேய் வகுப்பு. குழாயை அங்கேதான் திறக்க வேண்டும். போர்த்துகீசிய வழி வந்த ஒரு செரானி மிஸ்ஸி (தாதியை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம்), புதிதாகத் தாயான பெண்களுக்கு முன்னால் மேசைமேல் தொட்டியை வைத்து ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீர். காரமில்லாத சோப்பு. ஒத்தி எடுக்கத் துண்டு. கடைசியில் பவுடர்.

வாளி நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்த பிறகுதான் சுரணை வந்தது. அட, நாங்கள் தினமும் தொண்டை வறளச் சொல்வதும் இதே நான்கு காரியங்கள்தானே! பிள்ளை உண்டாகாமலிருக்கப் பெண்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் டயஃப்ரம் என்கிற ரப்பர் மூடியை எப்படிக் கழுவி வைப்பது என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கால் மணி நேரம் சொல்கிறோம். ஒரே வரியில் சொல்லலாமே: "இதைப் பச்சப் பிள்ளை மாதிரி பாத்துக்குங்க."

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாக்காவில் அதைவிட நல்ல வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை என்று நம்பினேன்.

அண்மையில் கிளினிக்கிலிருந்து இரண்டு இளம் தாதியர் வீட்டுக்கு வந்தார்கள். டயஃப்ரம் வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டார்களாம். அதற்கு அளவு பார்க்கும் வளையங்கள் இருந்த பெட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லையாம். "அம்மா, இதை வச்சு நீங்க எப்படித்தான் வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்கள். நன்றாகப் பார்த்த நாள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சரியாகப் பார்க்காத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருடம் நான் அந்த வேலையில் சேர்ந்தேன். கான்வென்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்திருந்தேன். ஆசிரியை ஆகலாம் என்றார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு ஒத்துவராது. செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருவேன். வீட்டில் 'சுகாதார விஷயமாக எழுத்து வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தேன். உண்மையில் தமிழில் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. பயிற்சி மூன்று வாரம். மீதியை நாகம்மா மிஸ்ஸியின் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டேன்.

நாகம்மா மிஸ்ஸி காஜா பேராங்கில் சிட்டி கம்பத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் வழிவந்த சிட்டிகளின் கிராமம் அது. முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, கோயில் முத்துமாரியம்மன் கோயில். ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டுப் பேச்சு, நடுநடுவே தமிழ்ச் சொல் விழுந்த ஒரு மலாய். அவர் மலாயில் சொல்வதை நான் தமிழாக்க வேண்டும். எங்களைப் பெண்கள் பெரிய மிஸ்ஸி, சின்ன மிஸ்ஸி என்றார்கள். பெரிய மிஸ்ஸியைவிட நான் அரை அடி உயரம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிடிக்காதது ஏதாவது நடந்தால் மேசையில் இருக்கும் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிப்பார். சீவி முடிக்கும்வரை பேச மாட்டார். நான் சேர்ந்த முதல் மாதத்தில் மூன்று பென்சில்கள் தீர்ந்தன.

எல்லாவற்றையும் அவர் ஒரே ஒழுங்கில்தான் செய்வார். முதலில் அளவு வளையங்கள். எழுபது மில்லிமீட்டரா, எழுபத்தைந்தா என்று போட்டுப் பார்ப்பார். போட்டது போட்டவளுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் அளவு தப்பு. பிறகு மூடி. உள்ளங்கை அகல ரப்பர் கிண்ணம், விளிம்பில் ஸ்பிரிங். கிண்ணத்துக்குள் ஒரு டீஸ்பூன் மருந்து ஜெல்லி, விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம். விளிம்பை இரண்டு விரலால் அமுக்கி, குந்தியோ ஒரு காலை ஸ்டூல்மேல் வைத்தோ உள்ளே தள்ள வேண்டும். அப்புறம் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பருக்கு அடியில் மூக்கு நுனி போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் கர்ப்பப்பையின் வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். கணவனோடு சேர்ந்த பிறகு ஆறு மணி நேரமாவது எடுக்கக் கூடாது. ஒரு நாளைத் தாண்டியும் வைத்திருக்கக் கூடாது. மறுபடி சேர்ந்தால் மூடியை எடுக்காமலே இன்னும் கொஞ்சம் ஜெல்லி.

சொல்லி முடித்ததும் திரைக்குப் பின்னால் அவளே போட்டு, அவளே எடுத்துக் காட்ட வேண்டும். "புரிஞ்சுதுன்னு சொன்னா நாகம்மா மிஸ்ஸிக்குக் காது கேக்காது" என்று நான் பெண்களிடம் சொல்வேன். "லாகி செகாலி," இன்னொரு முறை, என்பார் அவர். மூன்று முறை சரியாகச் செய்தால்தான் விடுவார். அப்போதும் முதல் வாரம் வெறும் பழக்கத்துக்குத்தான். அந்த வாரம் மூடியை நம்பக் கூடாது. ஆணுக்கான உறையும் கொடுத்தனுப்புவோம்.

கழுவுவதை மட்டும் வாயால் சொல்வதோடு விட்டோம். பாத்திரம் கழுவும் பெண்களுக்கு இதிலென்ன செய்து காட்ட இருக்கிறது என்று நினைத்தோம். கடைசியில் வரும் அந்தப் பகுதியை நாகம்மா மிஸ்ஸி என்னிடமே விட்டிருந்தார். தமிழில் நான் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியவும் தெரியாது.

அஞ்சலை அக்கா எங்களிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். குருபோங் பக்கம் ரப்பர்த் தோட்டம். மரம் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர். ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது பிரசவம் வீட்டிலேயே நடந்து, ரத்தம் நிற்காமல் போய், தோட்டத்து லாரியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களாம். வாரம் ஒருமுறை எங்கள் கிளினிக்குக்கு வரும் டாக்டரம்மா அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. "இன்னொரு தடவை இப்படி ரத்தம் போனால் தாங்க மாட்டாள். மறுபடி உண்டாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

ஆள் ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சின்ன மிஸ்ஸி, இதுல வாய்க்குப் போடுற அளவு இருக்கா? எங்க மாமியாருக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்" என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மூன்று முறையும் சுத்தமாகப் போட்டுக் காட்டினார். எழுபது. நாகம்மா மிஸ்ஸியே தலையாட்டினார்.

அப்புறம் என் முறை. என் வாக்கியத்தை முதன்முதலாகச் சொன்ன ஆள் அஞ்சலை அக்காதான்.

"அக்கா, இதைப் பச்சப் பிள்ளை மாதிரி பாத்துக்குங்க. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்க, துண்டால ஒத்தி எடுங்க, நிழல்ல காய வைங்க. பவுடருக்குப் பதிலா சோள மாவு. வாசனை பவுடர் போடாதீங்க. நகம் படாம பாத்துக்குங்க."

"அஞ்சு பிள்ளை வளத்தவளுக்கு இது ஒரு சூசாவா, கஷ்டமா?" என்று கேட்டுவிட்டு, மூடியின் டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து வந்து காட்டினார். சரியாக இருந்தது. மூன்றாம் மாதம் வந்த நாளில் கூட்டம் நெரிந்தது. விதிப்படி டப்பாவைத் திறந்து, மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நான், "எல்லாம் சரியா இருக்காக்கா?" என்றேன். "தங்கமா வச்சிருக்கேன்" என்றார். அட்டையில் சரி போட்டு, ஜெல்லிக் குழாயைக் கொடுத்தனுப்பினேன். டப்பா அவர் மடியிலேயே இருந்தது.

மூடி வாங்கிய எட்டாம் மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் பெஞ்சில் உட்காரவில்லை. நேரே என் மேசைக்கு வந்து, "முழுகாம இருக்கேன் தங்கச்சி" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கும் முன் நான் அட்டையைப் பார்த்தேன். அதில் என் கையெழுத்தில் எல்லாம் சரி. எனக்குக் கோபம்தான் வந்தது. "போட்டிருக்க மாட்டீங்க" என்றேன்.

"மாரியாத்தா மேல ஆணை. ஒரு நாள் விட்டதில்ல."

"ஒரு நாள் விட்டிருப்பீங்கக்கா. அசதியில மறந்திருப்பீங்க. எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் என்னைச் சுடுகிறது. அஞ்சலை அக்கா முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நாகம்மா மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். எழுந்து வந்தார். அஞ்சலை அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "டப்பாவைக் கேள்."

முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. டப்பாவைத் திறந்ததும் எனக்கே வாசம் வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய். மூடி பழுப்பேறி, ஊறிப் பருத்து, நடுவில் தளர்ந்து தொங்கியது. விரலில் ஒட்டியது. நாகம்மா மிஸ்ஸி அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கிண்ணம் போலப் பிடித்துத் தண்ணீர் நிரப்பினார். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு துளி திரண்டது. கனத்தது. விழுந்தது. அடுத்தது திரண்டது.

"நீ இவளிடம் என்ன சொன்னாய்? ஒரு சொல் விடாமல் சொல்" என்றார் மலாயில்.

சொன்னேன்.

"இப்போது அவளைச் சொல்லச் சொல்."

அஞ்சலை அக்கா கையில் ஏதோ இருப்பது போலவே செய்து காட்டினார். "காலையில எடுத்ததும் எண்ணெய் வைப்பேன். நல்லா நீவி விடுவேன். சூடு இறங்கட்டும்னு ஒரு நாழி விட்டுடுவேன். அப்புறம் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஒத்தி எடுத்து, மாவு போட்டு..."

"எண்ணெயா? எண்ணெய் வைக்கச் சொன்னது யாரு?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "அதையும் சொல்லணுமா மிஸ்ஸி? எண்ணெய் வைக்காம எந்தப் பிள்ளையக் குளிப்பாட்டுவாங்க?"

எங்கள் வீட்டில் நான் கடைக்குட்டி. குழந்தையை யாரும் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அந்தச் செரானி மிஸ்ஸியின் தொட்டியில்தான். நான்கு என்று நான் எண்ணிய காரியங்கள், தமிழ் வீட்டில் பிள்ளை பெற்ற எவளுக்கும் ஐந்து. அந்த முதல் காரியம்தான் ரப்பரைத் தின்றிருக்கிறது. எண்ணெய் எதுவானாலும், வாசலின் ஆனாலும், ரப்பருக்கு விஷம். அது எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருந்தேன். யாரும் எண்ணெய் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதை மலாயில் சொல்லி முடித்துவிட்டு, பென்சில் சீவும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "தமிழ் தெரியாத நான், உன் தமிழைச் சோதிக்காமல் விட்டேன். பாதி என்னுடையது," என்றார். "மீதிப் பாதியை அவளிடம் நீ சொல்."

சொன்னேன். அஞ்சலை அக்காவின் காலடியில், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். போடவில்லை என்று பழி சொன்னதற்கும் சேர்த்து. குனிந்து என் தலையைப் பார்த்தார். "உன் முடியும்தான் எண்ணெயப் பாத்து நாளாச்சு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அதற்கப்புறம் ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: அஞ்சலை அக்கா பிழைக்க வேண்டும். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், இரண்டு வாரம் முன்பே வந்து படுக்க வேண்டும், இரும்புச் சத்து மாத்திரை ஒரு நாள்கூட விடக் கூடாது. மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் குருபோங் பஸ். சாலையில் இறங்கி அரை மணி நடை. முருங்கைக்கீரை, கல்லீரல், பேரீச்சம்பழம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போவேன். "சின்ன மிஸ்ஸி வந்துட்டா, இனி எனக்கு வாயைத் திறக்க நேரமில்ல, முழுங்கத்தான் நேரம்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய கணவர் முனியாண்டி அண்ணன் வீட்டில் இருந்தார். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. கிளினிக்கில் சேர்க்கும்போது அஞ்சலை அக்காவிடம் படிவத்தைக் கொடுத்தனுப்பி அவருடைய கையெழுத்து ஒன்றை வாங்கியிருந்தோம். அதற்கு மேல் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. இது பெண்கள் விஷயம் என்று விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

"ஓட்டைச் சாமானக் குடுத்து ஏமாத்திட்டு, இப்ப மாத்திரை குடுக்க வர்றீங்களா?" என்றார், உட்காரச் சொல்லாமலே.

அந்த மூடியை நான் கைப்பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் அதை விரலால் இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"எண்ணெய்," என்றார். "யாரு இதுல எண்ணெய் தடவுனது?"

"நான்தான்யா," என்றார் அஞ்சலை அக்கா அடுப்படியிலிருந்து.

"நான் சொன்ன விதத்தால தடவுனாங்க. தப்பு என்னோடது," என்றேன் நான்.

அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை. "எண்ணெய்க் கை பட்ட ஷீட்டை ஒதுக்கித் தள்றதுதான் மிஸ்ஸி என் வேலை. பிசுபிசுன்னு ஆயிடும், எவனும் வாங்க மாட்டான். ரப்பர்லதான் எங்க சோறு. எட்டு மாசம் இது என் வீட்டுலயே இருந்திருக்கு. ஒரு தடவை என் கண்ணுல காட்டியிருந்தீங்கன்னா..." மூடியை என் கையில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பி, "அஞ்சல, மிஸ்ஸிக்குக் காப்பி" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறோம்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். ரத்தம் போகத்தான் செய்தது. ஆனால் ஊசியும் ரத்த பாட்டிலும் கட்டிலின் பக்கத்திலேயே தயாராக இருந்தன. தானம் கொடுத்த நான்கு பேரும் முனியாண்டி அண்ணனோடு புகைக் கொட்டகையில் வேலை செய்தவர்கள். மறுநாள் நான் போனபோது அஞ்சலை அக்கா வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்தார். "இதுக்கு எண்ணெய் வைக்கலாம்ல? கேட்டுட்டு வைக்கிறேன்" என்றார். நான் வார்டு என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அவர் கிளினிக்குக்கு வந்தார். பிரசவத்துக்கு முன்னால் இருந்த அளவு பின்னால் இருக்காது. மறுபடி அளந்துதான் ஆக வேண்டும். இந்த முறை எழுபத்தைந்து. கூடவே வந்த முனியாண்டி அண்ணன் வெளியே மரத்தடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகம்மா மிஸ்ஸி சன்னலைத் திறந்து, "நீயும் உள்ளே வா" என்று மலாயில் கூப்பிட்டார். எங்கள் கிளினிக்குக்குள் நுழைந்த முதல் கணவர் அவர்தான்.

மூடி பழகும்வரை உறை. மிஸ்ஸி ஒரு சோதனைக் குழாயை மேசையில் நிறுத்தி, கூச்சமே இல்லாமல் காட்டினார். உறை பழசா என்று பார். மணிபர்ஸிலும் தகர அலமாரியிலும் வைக்காதே, சூட்டில் கெடும். பல்லால் கிழிக்காதே. பக்கத்தில் போவதற்கு முன்பே போட்டுவிடு. நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு அடிவரை உருட்டு. முடிந்ததும் தளர்வதற்குள், அடியைப் பிடித்துக்கொண்டு விலகு. ஒன்று ஒரு தடவைக்குத்தான். அண்ணனுக்கு பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், நன்றாக வரும். அங்கே எனக்கு வேலையே இல்லை. சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். "லாகி செகாலி" மட்டும் மூன்று முறை காதில் விழுந்தது. பிறகு அஞ்சலை அக்கா தொட்டியில் மூடியைக் கழுவிக் காட்டினார். அண்ணன் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மனைவிக்கு முன்னால் தலையாட்டினார்.

"எங்க கொட்டகையில பதினோரு பேரு, வெட்டுக்காரனுங்க வேற," என்றார் போகும்போது. "ஒருத்தனுக்கும் இது தெரியாது. நீங்க வாங்க. ஆம்பளைங்களுக்கு நான் சொல்றேன். நீங்க பொம்பளைங்க பக்கம் அஞ்சலையோட உக்காருங்க. ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல சொல்லிடணும்."

கிளினிக்கை நடத்திய கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். கல்யாணமாகாத பெண்ணைத் தோட்டத்து ஆண்கள் நடுவில் அனுப்புவதா என்றார்கள். நாகம்மா மிஸ்ஸி பென்சிலை எடுத்துச் சீவினார். அவர்கள் பேசி முடித்த பிறகும் சீவிக்கொண்டிருந்தார். கடைசியில், "நானும் போகிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவர் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை போட்டு, கொண்டையில் பூ வைத்து வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, "அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

"எதை மிஸ்ஸி?"

"நீ எப்படிச் செய்வாய் என்று எனக்குச் செய்து காட்டு. அதை."

சொல்லிக் கொடுத்தேன். குருபோங் வரும்வரை அதையே முணுமுணுத்தார். "எப்படிச் செய்வீங்க... செஞ்சு காட்டுங்க." 'செய்வீங்க' மட்டும் வாயில் பிடிபடவே இல்லை. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

தோட்டத்து வாசலில் முனியாண்டி அண்ணன் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சுகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஆண்கள் இருபது முப்பது பேர் தள்ளி மரங்களுக்குள்ளே, சைக்கிளைப் பிடித்தபடி, எந்த நிமிஷமும் ஏறி மிதித்துவிடத் தயாராக நின்றிருந்தார்கள்.

"வந்துட்டாங்க மிஸ்ஸி," என்றார் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு. "உக்காரத்தான் மாட்டேங்குறாங்க."

"நின்னுகிட்டே கேக்கட்டும்ணே," என்று நான் பையைத் திறந்தேன்.